அபிநயாவின் கீழ்ப்பல்

என் கணவர் தமிழழகன் பயந்த மனிதர். மழை இருட்டினால் டி.வி. ஒயரைப் பிடுங்கிவிட்டு, செல்போனை அணைத்துவிட்டு, சுவரில் முதுகு படாமல் நடு அறையில் உட்கார்ந்துகொள்வார். பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டுக் கம்பியை இறங்கும்வரை விடமாட்டார். நாய், பாம்பு, ஊசி, போலீஸ்காரர், பொழுது சாய்ந்த பிறகு கரும்புக்கொல்லை, எல்லாவற்றுக்கும் பயம். அப்படிப்பட்டவர் ஒரே ஒருமுறை, பயந்துகொண்டேதான், ஒரு காரியம் செய்தார். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பல் லேபில் அவருக்கு வேலை. அங்கே போய்ச் சேர்ந்ததும் பயத்தால்தான். படிப்பு முடிந்ததும் முதலில் திருக்கோவிலூரில் ஒரு பல் டாக்டரிடம் உதவிக்குச் சேர்ந்தார். முதல் நாள் ஒரு பெரியவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர், ரத்தத்தைப் பார்த்ததும் விளக்கோடு சாய்ந்துவிட்டார். வாயில் பஞ்சோடு அந்தப் பெரியவரே எழுந்துவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாராம். "பல்லு போனது எனக்கு. மயக்கம் இன்னாத்துக்கு இவுருக்கு?" என்று கேட்டாராம். டாக்டர் சிரித்துவிட்டு, ரத்தமே இல்லாத பல் வேலை ஒன்று இருக்கிறது என்று கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிவைத்தார்.

முன்பெல்லாம் பல் அளவெடுக்க, பிசைந்த மாவு மாதிரி ஒன்றை வாய் நிறைய அடைத்து இறுகும்வரை பிடித்துக்கொள்வார்கள். பாதிப் பேருக்குக் குமட்டும். இப்போது தடித்த டூத் பிரஷ் மாதிரி ஒரு கேமரா வந்துவிட்டது. அதைப் பல்வரிசை மேல் மெதுவாக ஓட்டினால் விடாமல் படம் எடுக்கும். கம்ப்யூட்டர் அந்தப் படங்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகும். திரையில் ஒரு வாய் துண்டுதுண்டாக வளரும். க்ளினிக்குகளில் எடுத்த வாய்கள் இன்டர்நெட்டில் இவருக்கு வந்து சேரும். இவர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரிசெய்து, பிரிண்டருக்கு அனுப்புவார். பிரிண்டரில் மைக்குப் பதிலாகத் தேன் பதத்தில் ரெசின் இருக்கும். கீழிருந்து ஒளி படப்பட அது ஒவ்வொரு படலமாக இறுகி, பல்வரிசை ஒன்று தலைகீழாகத் தொங்கியபடி மேலே எழும்பி வரும். ஸ்பிரிட்டில் கழுவி, விளக்குப் பெட்டிக்குள் வைத்து எடுத்தால் அந்த ஆளின் பல்லுக்கு அச்சு அசலாக ஒரு நகல். அதன் மேல்தான் கேப்பும் பல்செட்டும் பொருத்திப் பார்ப்பார்கள்.

கேமராவுக்கு எட்டாத இடங்கள் உண்டு. எச்சில் தேங்கிய இடம், நாக்கு மறைத்த இடம். அங்கெல்லாம் திரையில் ஓட்டை விழும். ஒரு பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டரே அக்கம்பக்கத்தைப் பார்த்து அந்த ஓட்டையை மூடிவிடும். இவர் அந்தப் பட்டனைத் தொடமாட்டார். க்ளினிக்குக்குப் போன் செய்து, அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்வார்.

லேப் முதலாளி கண்ணாயிரத்துக்கு இது பிடிக்காது. "யோவ் தமிழு, ஒரு பட்டனு. அமுக்குனா மூடிக்கினு போவுது. அதுக்கு எதுக்குய்யா டாக்டருங்களுக்குப் போன் போட்டுப் பேச்சு வாங்கற?"

"அது மிஷினு நெனைச்சிக்கிற வாயி சார். ஆளோட வாயி இல்ல."

"ஆமா, நீ பெரிய வாய் கண்டவன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாயிரம் டீக்கடைக்குப் போய்விடுவார்.

கச்சிராயபாளையம் ரோட்டில் எங்கள் ஊர். கொஞ்சம் கரும்பும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். மாமனார் இல்லை. அத்தை லட்சுமியம்மாளும் நாங்கள் இருவரும்தான். அத்தைக்கு மேல்வரிசைப் பல் முழுவதும் இவர் வேலை பார்த்த செட். அதை மாட்டிக்கொண்டு முறுக்கு கடித்துக் காட்டுவார். பிள்ளை சொல்வதை அத்தை பெரும்பாலும் காதில் வாங்கமாட்டார். ஆனால் பிள்ளை செய்து கொடுத்ததை நம்புவார்.

இவருடைய தங்கை எழில்மதியை வெள்ளிமலையில் மின்வாரிய லைன்மேனுக்குக் கொடுத்திருந்தோம். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அபிநயா. ஏழாம் மாதத்தில் ஒரு நாள் எழில் போன் செய்தாள். அத்தை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, பாப்பாவுக்குப் பல்லு வந்துடுச்சி. ரெண்டு. மொசலு மாதிரி கீது."

"மொசலு மாதிரியா? கீழ தானே?"

"கீழ ஒண்ணும் காணம்மா. மேலதான்."

அத்தை போனை அணைத்துவிட்டார். ஏதோ தவறி விழுந்ததுபோல உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். எழிலுக்கு ஒரே அண்ணன்தான்.

நான் பி.காம். படித்தவள். பல்லுக்கும் மாமனுக்கும் என்ன சம்பந்தம் என்று வாய்வரை வந்தது. கையிலிருந்த கீரைத் தண்டை எதற்கோ மிகச் சின்னதாக ஒடித்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு மூச்சு வாங்குவது அதற்கு வெகுநாள் முன்பே இருந்தது. லேப் மாடியில் இருக்கிறது. பாதிப் படியில் நின்று, யாரிடமோ போன் பேசுவதுபோல் பாவனை செய்துவிட்டு ஏறுவார். பல் முளைத்த அந்த மாதத்தில்தான் நான் அவரை இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். அத்தையும் கூட வந்தார். நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டர்.

"சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டார்.

அவர் அம்மாவைப் பார்த்தார். "ஆறாவது படிக்கறப்ப..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் அத்தை. "நல்லாத்தான் இருந்தான். இப்பத்தான் இப்டி."

புதுச்சேரியில் ஆபரேஷன் என்று முடிவானது. நிறையப் பேர் பிழைத்து நடமாடுகிற ஆபரேஷன்தான், ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்லமுடியாது என்றார்கள். தேதி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தை எழிலுக்குப் போன் செய்து ஒரே வார்த்தை சொன்னார்: "நீ அங்கயே இரு. புள்ளைய இங்க இட்டாராத. உங்க அண்ணன் ஆபரேசன் முடியற வரைக்கும் அது மூஞ்சில முழிக்கக் கூடாது." அந்தப் பக்கம் எழில் அழுதது ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டது.

அன்றிலிருந்து அவர் சாப்பிடுவது குறைந்தது. ஆபரேஷனை நினைத்துப் பயப்படுகிறார் என்று நான் நினைத்தேன். அந்தப் பயம் இருந்தது. மயக்க ஊசி போட்டபின் முழிப்பு வராமல் போனால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்பார், எனக்குத் தெரியும்போல. ஆனால் ஒரு நாள், லேபிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், வேறொன்றைச் சொன்னார்.

"கோகிலா, என்கூட பாரதின்னு ஒருத்தன் படிச்சான். அவன் பேரு வாத்தியாருக்கு மட்டும்தான் தெரியும். நாங்க எல்லாரும் மாமனை முழுங்கின்னுதான் கூப்பிடுவோம். மேல்பல்லு மொதல்ல வந்துச்சாம், அவங்க மாமன் கெணத்துல வுழுந்து செத்துட்டாரு. அவனை யாரும் கல்யாண வூட்டுல பந்தியில பக்கத்துல உக்கார உடமாட்டாங்க. பத்தாவது முடிக்கல, ஊர வுட்டே போயிட்டான்."

"இப்ப எதுக்குங்க அது?"

"எனக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா, அபிநயாவ இன்னான்னு கூப்பிடுவாங்க?"

அதன் பிறகு எனக்கும் அதே பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு பயம் ஒரே வீட்டில். அவர் போய்விடுவாரோ என்பது ஒன்று. போனால் அந்தக் குழந்தை என்ன ஆகும் என்பது இன்னொன்று.

அடுத்த ஞாயிறு ரத்தப் பரிசோதனை என்று அத்தையிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். சின்ன ஊர் க்ளினிக்குகளுக்கு எடுத்துப்போக லேபில் ஒரு கேமராவும் லேப்டாப்பும் உண்டு. கண்ணாயிரத்திடம் கேட்டு வாங்கி ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளிமலை பஸ் மலை ஏற ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு வளைவுக்கும் பையை இறுக்கினார். சாமை மூட்டையோடு எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னா தம்பி, வாந்தி வருதா? கவர் இருக்குது, வேணுமா?" என்றார். "வாந்தி இல்லீங்க, பயம்" என்றார் இவர், கண்ணைத் திறக்காமல்.

எழில் எங்களைப் பார்த்ததும் குழந்தையைப் புடவைக்குள் மறைத்தாள்.

"அண்ணா, ஏன் வந்தே? நீ பாக்கக் கூடாதாம். அம்மா கேட்டா என்னைக் கொன்னுடும்."

"பாக்கல, எழிலு. மூஞ்சப் பாக்கல. வாய மட்டும் பாக்கறேன்."

அதையும் அப்படியேதான் செய்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. லேப்டாப்பைத் தனக்கு நேராக வைத்துக்கொண்டு, குழந்தைக்கு முக்கால் முதுகு காட்டி உட்கார்ந்தார். எழில் மடியில் குழந்தை. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். குழந்தைகளுக்கான சின்ன முனையைக் கேமராவில் மாட்டி, கையைப் பின்னால் நீட்டி, நான் வழி சொல்லச் சொல்ல வாய்க்குள் விட்டார். கண் திரையிலேயே இருந்தது. பார்க்காமலே ஓட்டியதால் படம் அறுந்து அறுந்து போனது. குழந்தை கேமராவைக் கடித்தது. மறுபடி எடுத்தார்.

திரையில் அபிநயாவின் வாய் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ரோஜா நிறத்தில் ஈறு. மேலே இரண்டு பற்கள், அகலமாக, பளிச்சென்று. கீழே வெறும் ஈறு. அதில் இரண்டு இடத்தில் லேசான மேடு.

அந்த நேரம் குழந்தை பின்னால் நீட்டியிருந்த அவருடைய விரலைப் பிடித்து வாயில் வைத்து அந்த இரண்டு பல்லாலும் அழுத்திக் கடித்தது. "ஆ" என்று திரும்பிவிட்டார். முகத்துக்கு முகம். எழில் "ஐயோ அண்ணா" என்றாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாத்தாச்சி" என்றார். "இனிமே இன்னா."

மலை இறங்கி நேராக லேபுக்குப் போனோம். அங்கே யாரும் இல்லை. ஞாயிறு விடுமுறை. திரையில் அந்த வாயைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மேல்பல் இரண்டையும் சுற்றிக் கோடு போட்டு வெட்டி எடுத்தார். அங்கே இரண்டு ஓட்டை விழுந்தது. அவர் ஒருநாளும் தொடாத பட்டனை அமுக்கினார். ஓட்டை மூடி, பல்லே முளைக்காத ஈறாக ஆனது. வெட்டிய பற்களைக் கீழே கொண்டுவந்து, அந்த மேடுகளின் மேல் நட்டார்.

"ஏங்க, வேற குழந்தைங்க கீழ்ப்பல்லு கம்ப்யூட்டர்ல இருக்குமே, அதை எடுத்து வைக்கக் கூடாதா? இதைவிட நல்லா பொருந்துமே" என்று கேட்டேன்.

"ஒருத்தர் பல்லை இன்னொருத்தர் வாயில வெக்கறதா? அது வேணாம். இது அபிநயாவோட பல்லு. எடம்தான் மாத்திக்கிறேன்."

பொய் சொல்லும்போதும் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

பிரிண்டரிலிருந்து வந்தபோது அது என் உள்ளங்கைக்குள் அடங்கியது. மேல்தாடை ஒன்று, கீழ்த்தாடை ஒன்று. வீட்டுக்குப் போய் அத்தையிடம் நீட்டினார்.

"யம்மா, எழிலு தப்பாப் பாத்துட்டா. மேல இருந்தது பல்லு இல்ல. சில குழந்தைங்களுக்கு ஈறுல வெள்ளையாக் கொப்புளம் வரும், அது. ஒரு டாக்டர் மலைக்குக் கேம்ப் போனாரு, அவரு எடுத்த படம் லேபுக்கு வந்துச்சி. நானே பிரிண்ட் எடுத்தேன். பாரு, கீழ்ப்பல்லுதான் மொதல்ல."

நான் அடுப்பங்கரை வாசலில் நின்றேன். அத்தை அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டைவிரலால் அந்த இரண்டு பல்லையும் தடவினார். மறுபடி தடவினார்.

"அதானே பாத்தேன்" என்றார் அத்தை. "அவளுக்கு மேல எது, கீழ எதுன்னு எங்க தெரியும்." எடுத்துப்போய்ப் பூஜை அலமாரியில் பிள்ளையார் பக்கத்தில் வைத்தார். எழிலுக்குப் போன் போட்டு, புள்ளைய இட்டாந்து காட்டு என்றார். எழில் வந்தபோது குழந்தைக்கு மேலும் கீழுமாக நான்கு பல் வந்துவிட்டிருந்தது. எது முந்தி என்று இனி யாராலும் சொல்லமுடியாது. ஆபரேஷனுக்குப் போகும் முன்பு மூன்று நான்கு நாள் அவர் அந்தக் குழந்தையைக் கீழே விடவே இல்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். அதன் பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

உடலைக் கொண்டுவந்து வாசலில் பந்தலுக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். நான் தலைமாட்டில் இருந்தேன். எழில் மலையிலிருந்து வந்தாள். தெருவிலிருந்து ஓடிவந்தவள் பந்தலுக்கு வெளியே, இடுப்பில் குழந்தையோடு, அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை. ஏன் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. மேல்பல் பேச்சு அதற்குள் ஊருக்குள் கசிந்திருந்தது.

பெரிய மாமனாரின் மனைவி ராணியம்மாள்தான் வாயைத் திறந்தார். "எங்க வந்தே, அந்த மேல்பல்லுக்காரியத் தூக்கினு? மாமன முழுங்கியாச்சில்ல, இன்னும் இன்னா மிச்சம்?"

ஒப்பாரி நின்றுவிட்டது. குழந்தை எல்லோரையும் பார்த்தது. நான் எழுந்து ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு பயந்து பயந்து செய்தீர்களே, அது இங்கே உதவாமல் போகிறதே என்று மட்டும் தோன்றியது. அலமாரியில் இருப்பதை யாராவது எடுத்து உற்றுப் பார்த்தால் அதுவும் போய்விடும் என்ற திகில் வேறு.

அத்தை எழுந்தார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. உள்ளே போனார். வரும்போது கையில் அது இருந்தது.

"யக்கா, இத்தப் பாரு. நல்லாப் பாரு. எம்புள்ள கையால செஞ்சது. மேல பல்லு கீதா? சொல்லு, கீதா? கீழ்ப்பல்லுதான் எம்பேத்திக்கு மொதல்ல. டாக்டரு எடுத்த படம். எம்புள்ளைக்கு நெஞ்சுல கோளாறு, அவன் போயிட்டான். யாராவது இந்தப் புள்ளை பேர எடுத்தீங்க, எம்புள்ளைய எடுக்கறதுக்கு முன்னாடி நான் இங்கயே வுழுந்து சாவேன்."

ராணியம்மாள் அதைக் கையில் வாங்கவில்லை. "நான் இன்னா கண்டேன், சொன்னாங்க, சொன்னேன்" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அத்தை வெளியே போய்க் குழந்தையை வாங்கி, பந்தலுக்குள் கொண்டுவந்து, அவருடைய கைப்பக்கம் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். எடுக்கும்வரை இறக்கவில்லை.

காரியம் முடிந்து உறவுகள் போனபிறகு ஒரு மத்தியானம், அத்தை பூஜை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துத் துடைத்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"கோகிலா, இது பொய்யின்னு எனக்குத் தெரியும்."

வாசல் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"நாலு பெத்தேன், ரெண்டு தங்குச்சி. நாலுக்கும் பல்லு மொளைச்சதப் பாத்தவ. கீழ்ப்பல்லு அரிசி மாதிரி வரும். மேல்பல்லுதான் மம்புட்டி மாதிரி அகலமா வரும். இவன் மம்புட்டியக் கொண்டாந்து கீழ நட்டு வெச்சிக்கிறான். பல்லு செய்யறவனாம், பல்லு."

"எப்பத் தெரிஞ்சுது அத்தை?"

"குடுத்த அன்னிக்கே. தடவிப் பாத்தனே."

"அப்புறம் ஏன்..."

"கை நடுங்குச்சிடி அவனுக்கு. பொய்யி சொல்லத் தெரியாத புள்ள பயந்துக்கினே நீட்டுது. வாங்கிக்காம இன்னா பண்றது?"

துணியை நான்காக மடித்தார். பிறகு பிரித்தார்.

"ஆறாவதுல அவனுக்கு முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்துது. வேப்பிலை அடிச்சி மந்திரிச்சி, எண்ணெ தடவி உட்டுட்டு நான் கரும்பு வெட்டப் போயிட்டேன். அந்த டாக்டர் கேட்டாரே, அந்தக் காய்ச்சல்தான் வால்வக் கெடுத்துச்சின்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. பழிய அந்தப் பச்சப் புள்ள பல்லு மேல போட்டா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்துச்சி. அவ்ளோதான்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய.

"யாரு கேட்டாலும் கீழ்ப்பல்லுதான்" என்றார்.

"சரிங்க அத்தை."

அபிநயா இப்போது நடக்கிறாள். எழில் மாதம் ஒருமுறை அழைத்துவருகிறாள். அலமாரிக் கதவு திறந்திருந்தால் அவளுக்கு அந்தச் சின்னத் தாடைதான் வேண்டும். போனமுறை எட்டி எடுத்து, தன் பல்லால் அதன் பல்லைக் கடிக்கப் போனாள். ரெசினை வாயில் வைக்கக் கூடாது என்று அவர் எப்போதும் சொல்வார். அத்தை ஓடிப்போய்ப் பிடுங்கினார்.

"வாயில வெக்காதடி. மாமன் திட்டுவான்."

குழந்தை அறையைச் சுற்றித் திரும்பிப் பார்த்தது, மாமன் எங்கே என்று.